தெளிந்து வந்த ஓடை

மலையடிவாரக் காடு ஒன்றில் ஆனைமடு என்று ஒரு குளம் இருந்தது. சுற்றியுள்ள சரிவுகளிலிருந்து ஓடைகள் இறங்கி வந்து அதில் விழும். காட்டில் எல்லா உயிருக்கும் அதுதான் தண்ணீர். ஆனால் ஒவ்வொரு மழைக்கும் மண் வந்து சேர்ந்து, குளம் மேடாகிக்கொண்டே போனது. ஒரு கோடையில் மான்கள் நடுக்குளத்தில் நின்று புல் மேயும் நிலைமை வந்துவிட்டது.

அதைப் பார்த்த மாதங்கி என்ற பெண் யானை ஒரு வேலைக்கூட்டம் சேர்த்தாள். காட்டுப்பன்றிகள் வண்டலைக் கிளறிக் கொடுத்தன. யானைகள் அதை வாரிக் கரையில் கொட்டின. மான்கள் கரையை மிதித்து இறுக்கின. நீர்நாய்கள் மீதித் தண்ணீரை மூடியிருந்த ஆகாயத்தாமரையை இழுத்து வெளியே போட்டன. எய்யன் என்ற முள்ளம்பன்றிக்கு அடைபட்ட ஓடைவாய்களைத் தோண்டிவிடும் வேலை. சம்பு என்ற நரிக்குக் கரைக்காவல். வேலைக்கு வந்தவர்களின் குடும்பங்களுக்குக் கோடையில் முதல் தண்ணீர் என்று மாதங்கி சொல்லியிருந்தாள்.

வேலை நன்றாகவே நடந்தது. ஆனால் மாதங்கிக்கு ஒரு கேள்வி மனதை அரித்துக்கொண்டே இருந்தது. அள்ள அள்ளக் குறையாமல் இந்த மண் எங்கிருந்து வருகிறது?

ஒருநாள் அவள் அருகிலிருந்த சரிவுகளில் ஏறிப் பார்த்தாள். பகலெல்லாம் குளத்தில் மண் அள்ளிய பன்றிகள், வீடு திரும்பியதும் ஓடைக்கரைகளை உழுது போட்டிருந்தன. கரையை மிதித்துக் கொடுத்த மான்கள், தங்கள் மேட்டில் ஒரு தளிரைக்கூட விட்டுவைக்கவில்லை. வேலையிடத்தில் காத்ததை அவர்கள் வசிப்பிடத்தில் கெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மாதங்கி யாரையும் திட்டவில்லை. மறுநாள் கூட்டத்தைக் கூட்டி ஓர் அறிவிப்புச் செய்தாள். குளத்திலும் உழைத்து, தான் வசிக்கும் இடத்திலும் காட்டுக்கு நல்லது செய்கிறவர் யாரோ, அவரை எல்லோர் முன்னிலையிலும் பாராட்டப்போவதாகச் சொன்னாள். அதோடு, அவர் எந்த வேலையைக் கேட்கிறாரோ, அந்த வேலையை மொத்தக் கூட்டமும் சேர்ந்து செய்து கொடுக்கும் என்றும் சொன்னாள்.

சம்புவின் காதுகள் விறைத்து நின்றன. பாராட்டு தனக்குக் கிடைத்தால், பாறையைக் குடைந்து தன் இனத்துக்கு அகலமான வளைகள் வெட்டிக்கொள்ளலாம். யானையே வேலையாளாக வரும்போது யார் விடுவார்கள்?

நரிகளின் இருப்பிடம் மேற்குச் சரிவு. ஒரு புதர்கூட இல்லாத மொட்டைச் சரிவு அது. சம்பு தன் உறவினரைக் கூட்டிப்போய், பூத்த கொன்றைக் கிளைகளையும் புங்கக் கிளைகளையும் ஒடித்து வந்து அங்கே நட்டான். பிறகு மாதங்கியிடம் ஓடினான். தன் இடத்தை வந்து பார்க்கவேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொண்டான்.

மாதங்கி போய்ப் பார்த்தாள். சரிவெல்லாம் மஞ்சளும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது. கூட வந்த மான்கள் வியந்து நின்றன. மாதங்கியும் மகிழ்ந்துதான் போனாள். “வரும் பௌர்ணமிக் கூட்டத்தில் உன் பெயரைச் சொல்கிறேன், சம்பு” என்றாள்.

சம்பு அதோடு நிற்கவில்லை. மற்றவர்கள் போனதும் மெல்லச் சொன்னான்.

“சொல்லக்கூடாதுதான். இருந்தாலும் கரைக்காவலன் சொல்லாமல் யார் சொல்வது? அந்த எய்யன் வேலை நேரத்தில் தூங்குகிறான்.”

அது உண்மைதான். எய்யன் மத்தியான வேளையில் தோண்டிய இடத்திலேயே கண்ணயர்ந்துவிடுவான். மாதங்கி அவனை வரவழைத்து, தூங்கினாயா என்று கேட்டாள். எய்யன் ஆமாம் என்றான். சோம்பேறிக்கு முதல் தண்ணீர் கிடையாது என்று மாதங்கி சொல்லிவிட்டாள். எய்யன் முட்களைத் தாழ்த்திக்கொண்டு திரும்பிப் போனான்.

பௌர்ணமிக்கு முன்பே கோடைமழை வந்தது. ஒரே கொட்டாகக் கொட்டித் தீர்த்தது. மழை விட்டதும் எல்லோரும் குளக்கரைக்கு ஓடி வந்தார்கள். ஓடைகள் காவி நிறத்தில் நுரைத்துக்கொண்டு குளத்தில் விழுந்தன. இத்தனை நாள் அள்ளியதற்கு ஈடாக மறுபடியும் மண்.

அப்போது நீலி என்ற நீர்நாய் தண்ணீரிலிருந்து தலையை நீட்டியது. வடக்கு ஓடை விழும் இடத்தில் நீந்தினால் அடியில் உள்ள கூழாங்கற்கள் தெரிகின்றன என்று சொன்னது. மாதங்கி அங்கே போய்த் துதிக்கையால் ஒரு வாய் உறிஞ்சிப் பார்த்தாள். மண்வாடையே இல்லை.

“இந்த ஓடை மட்டும் ஏன் தெளிந்து வருகிறது?” என்று கேட்டாள்.

“அந்தப் பக்கம் மழை பெய்திருக்காது, தலைவி” என்றான் சம்பு.

“பெய்யாவிட்டால் தண்ணீர் எப்படி வரும்?”

சம்பு கூட்டத்துக்குள் நகர்ந்துகொண்டான். வடக்குச் சரிவுக்குப் போகிறவர்களே குறைவு. போன வருடம் வரை அந்த ஓடைதான் மற்ற எல்லா ஓடைகளையும்விடக் கலங்கலாக வரும். மாதங்கிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஓடையின் வழியே மேலே நடந்தாள். நீலியும் பின்னாலேயே வந்தது. என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமே என்று மான்களும் பன்றிகளும் சேர்ந்துகொண்டன.

ஏற ஏறத் தண்ணீர் இன்னும் தெளிவாக இருந்தது. சரிவின் நடுவே வந்ததும் மாதங்கி நின்றுவிட்டாள். சரிவுக்குக் குறுக்கே வரிசை வரிசையாகக் குழிகள். மேலிருந்து வரும் மழைநீர் முதல் வரிசையில் தேங்கி, மண்ணை அங்கேயே விட்டுவிட்டு, அடுத்த வரிசைக்கு மெதுவாக வழிந்தது. குழிகளின் விளிம்பில் இலந்தையும் நாவலும் முளைவிட்டிருந்தன. மாதங்கி ஒரு கன்றைத் துதிக்கையால் லேசாக இழுத்துப் பார்த்தாள். அது அசையவில்லை.

மேல் வரிசையில் யாரோ புதுக் குழி ஒன்றைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கிட்டே போனால், எய்யன். அவனோடு முயல்கள் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தன. ஒரு கரடி பழக்கொட்டைகளைக் கொண்டுவந்து குழியோரம் போட்டுக்கொண்டிருந்தது.

மாதங்கியைக் கண்டதும் எய்யன் பயந்துபோனான். இங்கே தோண்டியதற்கும் தண்டனை உண்டோ என்று நினைத்துக்கொண்டான்.

“இதை எப்போது செய்தாய்?” என்று மாதங்கி கேட்டாள்.

“குளத்து வேலை முடிந்து வந்த பிறகு, அம்மா. இருட்டினாலும் எங்களுக்குத் தோண்ட வரும்.”

“எதற்காக?”

எய்யன் நடந்ததைச் சொன்னான். போன மழையில் மேலிருந்து சேறு இறங்கி அவன் வளையை மூடிவிட்டது. உள்ளே குட்டிகள் இருந்தன. அவனும் அவன் மனைவியும் தோண்டித் தோண்டிப் பார்த்தார்கள். குட்டிகள் பிழைக்கவில்லை. தண்ணீரை நிறுத்த முடியாது, மண்ணையாவது நிறுத்தலாம் என்று அன்றைக்கு அவன் தோண்ட ஆரம்பித்தான். அக்கம்பக்கத்து முயல்கள் வந்தன. கரடி வந்தது.

“மத்தியானத்தில் தூங்கியதற்கு இதுதான் காரணமா? அன்றைக்கே சொல்லியிருக்கலாமே.”

“ஏன் தூங்கினாய் என்று யாரும் கேட்கவில்லை, அம்மா. தூங்கினாயா என்றுதான் கேட்டீர்கள்.”

மாதங்கியின் காதுகள் அசையாமல் நின்றன. அவள் கீழே இறங்கினாள். மேற்குச் சரிவு வழியாகத்தான் திரும்பினாள். அங்கே சம்பு நட்ட கிளைகள் மழையில் சாய்ந்து, பாதி ஓடையில் மிதந்துகொண்டிருந்தன. நின்றிருந்த ஒன்றை அவள் தொட்டதும் துதிக்கையோடு வந்தது. அடியில் வேர் இல்லை, ஒடித்த தடம்தான் இருந்தது. காற்று பலமாக அடித்துவிட்டது என்று அங்கே நின்ற சம்பு முணுமுணுத்தான். அவன் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

பௌர்ணமி அன்று எல்லோரும் கூடினார்கள். மாதங்கி எய்யனை முன்னால் அழைத்தாள். கூடவே முயல்களையும் கரடியையும் அழைத்தாள். வடக்குச் சரிவில் தான் கண்டதை ஒன்றுவிடாமல் சொன்னாள். காரணம் கேட்காமலே சோம்பேறி என்று சொன்னது தன் பிழை என்றும், முதல் தண்ணீர் அவன் குடும்பத்துக்கும் உண்டு என்றும் சொன்னாள். பிறகு தாமரை மாலையை முட்களில் சிக்காமல் பார்த்து எய்யனின் கழுத்தில் போட்டாள். முட்களுக்கு அஞ்சி, கூட்டத்தில் இதுவரை யாரும் எய்யனைத் தொட்டதில்லை. அவன் கூச்சத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“உனக்கு என்ன வேலை வேண்டும்? கேள், நாங்கள் எல்லோரும் வருகிறோம்.”

எய்யன் தயங்கித் தயங்கிச் சொன்னான். “எங்கள் சரிவு இனி தாங்கிக்கொள்ளும், அம்மா. மேற்குச் சரிவில்தான் ஒன்றுமே இல்லை. அங்கே நரிக்குட்டிகள் இருக்கின்றன. அடுத்த மழைக்குள் அங்கே குழி வெட்ட வேண்டும்.”

பின்வரிசையில் இருந்த சம்பு எழுந்தான். நாலு பேர் சிரிப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் முன்னால் வந்தான்.

“குழியை எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும்?” என்று எய்யனைக் கேட்டான்.

“வா, காட்டுகிறேன்” என்றான் எய்யன்.

மறுநாள் காலை மொத்தக் கூட்டமும் மேற்குச் சரிவில் ஏறியது. பன்றிகள் தோண்டின. யானைகள் கல் அடுக்கின. நரிகள் தங்கள் வளைக்கு மேலேயே முதல் வரிசையை வெட்டின. அது முடிந்ததும், எங்கள் மேட்டுக்கு எப்போது வருவீர்கள் என்று மான்கள் கேட்க ஆரம்பித்தன. கரடி கொட்டை பொறுக்கப் போனது. மாதங்கி அன்றுமுதல் மாலையில் ஒவ்வொரு சரிவாக ஏறி, யார் என்ன செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே போனாள்.

காட்டிக்கொள்பவரைப் பாராட்டுவது எளிது. கேட்டறிந்து, தேடிப்போய், செய்தவரைப் பாராட்டுவதே தலைமைக்கு அழகு.