வீரணன் நினைவுக்கல்

குப்பணாம்பட்டியில அறிவுக்குப் பஞ்சம் வந்ததே கிடையாது. இருந்தாத்தானே பஞ்சம் வர்றதுக்கு.

அந்த ஊரு வீரணன் ஒருநாள் சந்தைப் பாதையில கல்லு தடுக்கி விழுந்தான். விழுந்தவன் எந்திரிக்கல. ஊரே கூடி அழுதுச்சு. ஆளைக் கொன்ன கல்லைத் தோண்டி, கண்மாய்க்கரையில கொண்டுபோய் எறிஞ்சாங்க.

காரியம் முடிஞ்சதும் அவன் பொஞ்சாதி பேச்சி, ஊர்த்தலைவர் மொக்கையன்கிட்ட வந்தா.

"மாமா, நாளைக்கே எம் புருஷனை மறந்துருவீங்க. அவரு பேரு நிலைக்கிற மாதிரி ஒரு கல்லு நடுங்க."

"நட்டுருவோம் தாயி."

கல்லு தேடிப் போனாங்க. கண்மாய்க்கரையில லட்சணமா ஒண்ணு கிடந்துச்சு.

"இது அவனைக் கொன்ன கல்லுதானே?"ன்னான் கூட வந்த ஒச்சப்பன்.

மொக்கையன் யோசிச்சாரு. "வீரணனைக் கடைசியாப் பாத்தது யாரு? இந்தக் கல்லு. நம்ம எல்லாரையும் விட இதுக்குத்தான் அவன் ஞாபகம் நல்லா இருக்கும்."

பேரை வெட்டி, பாதையோரம் வேப்பமரத்தடியில நட்டாங்க.

எருமை வந்து முதுகு சொறிஞ்சுட்டுப் போச்சு. மனுசன் ஒருத்தன் திரும்பிப் பாக்கல. பேச்சி மறுபடி வந்தா.

"எருமைக்கு இருக்குற ஞாபகம் உங்களுக்கு இல்லையே மாமா."

ஊர் கூடுச்சு.

"ஓரமா இருந்தா யாரு பாப்பாங்க? நடுப்பாதையில நடணும்"னான் ஒச்சப்பன்.

"நடுப்பாதையில எங்க?"

"அவன் விழுந்த இடத்துல ஒரு குழி இருக்கு. அளவெடுத்த மாதிரி."

நட்டாங்க. கச்சிதமாப் பொருந்துச்சு. எப்படின்னு எல்லாருக்கும் ஆச்சரியம்.

மறுநாள் காலையில மொக்கையன்தான் முதல்ல தடுக்குனாரு. கால் நகம் பேந்துருச்சு. "அட வீரணா"ன்னு உக்காந்தாரு. அடுத்து ஒச்சப்பன். அவனும் "அட வீரணா." பொழுது சாயுறதுக்குள்ள ஊரே நொண்டுச்சு. ஊரு வாயி பூரா வீரணன் பேரு. பேச்சிக்கு மனசு குளுந்துபோச்சு. எல்லாரு காலுக்கும் அவளே மஞ்சப்பத்து அரைச்சுப் போட்டா.

சந்தைக்குப் போற வளையல்காரர் ஒருத்தர் அந்த வழியா வந்து விழுந்தாரு. வளையல் பூரா நொறுங்கிப்போச்சு. கல்லு மேலயே உக்காந்துட்டாரு.

"எவன்யா நடுப்பாதையில கல்லை நட்டது?"

"நினைவுக்கல்லுங்க"ன்னாரு மொக்கையன்.

"யாரு நினைவா?"

"எங்க வீரணன்."

"அவருக்கு என்ன ஆச்சு?"

"இங்கன கல்லு தடுக்கிச் செத்துட்டான்."

"எந்தக் கல்லு?"

"நீங்க உக்காந்திருக்கீங்களே, அதான்."

வளையல்காரர் சட்டுன்னு எந்திரிச்சு, கல்லைக் குனிஞ்சு பாத்தாரு. அப்புறம் மெதுவா, "இதைப் பிடுங்கிப் போட்டா என்னய்யா?"ன்னாரு.

பேச்சி முகம் வாடிப்போச்சு. ஊரே அந்தாளைப் பரிதாபமாப் பாத்துச்சு. வெளியூர்க்காரர், விவரம் பத்தல. மொக்கையன் நொண்டி நொண்டிப் பக்கத்துல வந்து, தோள்ல கை வச்சுச் சொன்னாரு:

"பிடுங்கிட்டா, இங்க ஒரு கல்லு இருக்கு, பாத்துப் போகணும்னு யாருக்குங்க ஞாபகம் இருக்கும்?"