பேரேரியோடு பந்தாடிய பள்ளக்குளம்

பள்ளக்குளத்தில் அமலி என்ற நீர்நாய் தன் இரண்டு குட்டிகளோடு வாழ்ந்து வந்தது. மூத்தது சூசை, ஆண்குட்டி. இளையது மொட்டு, பெண்குட்டி.

பள்ளக்குளம் பேருக்கு ஏற்ற குளம். பக்கத்தில் ஓடும் ஆறு உயரத்தில் இருந்தது. குளம் பள்ளத்தில் இருந்தது. நடுவே ஒரே ஒரு மண்கரை. அந்தக் கரை உடைந்தால் குளமும் இல்லை, குளத்தில் இருப்பவர்களும் இல்லை.

அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. எல்லாரும் கரையில் ஆளுக்கோர் இடத்தைக் காவல் பார்ப்பார்கள். எங்காவது நீர் கசிந்தால், பக்கத்தில் இருப்பவர் ஓடிப்போய் அதன்மேல் உட்கார்ந்துகொள்வார். ஓடும்போதே "காலி!" என்று குரல் கொடுப்பார். நான் பார்த்துக்கொண்டிருந்த இடம் காலி என்று அர்த்தம். அடுத்து நிற்பவர் "நான்!" என்று சொல்லிக்கொண்டே அந்த இடத்துக்கு வந்துவிடுவார். தவளை விட்ட இடத்தில் நண்டு நிற்கும். நண்டு விட்ட இடத்தில் முயல் நிற்கும். இது என் வேலையா என்று அங்கே யாரும் கேட்டதில்லை. கேட்டுக்கொண்டிருந்தால் மூழ்கிவிடுவார்கள்.

பந்தாட்டத்திலும் அவர்களுக்கு அதே பழக்கம்தான். காய்ந்த உருண்டைச் சுரைக்காய்தான் பந்து. உதைத்தால் உள்ளே விதைகள் கலகலக்கும். பள்ளக்குளத்தார் காதோரம் ஒரு கனகாம்பரப் பூவைச் செருகிக்கொண்டு ஆட இறங்குவார்கள். தவளைக்கு ஏது காது என்று கேட்காதீர்கள். அது எப்படியோ செருகிக்கொண்டது.

மேட்டில் இருந்தது பேரேரி. வற்றாத தண்ணீர், கொழுத்த மீன், சுற்றிலும் நெல். அங்கிருந்து வருடா வருடம் ஒரு மரநாய் இறங்கி வரும். மரநாய்க்கு ஆடத் தெரியாது. யார் நன்றாக ஆடுகிறார்கள் என்று மட்டும் தெரியும். பள்ளக்குளத்தில் வளர்ந்து, கால் நன்றாகப் பழகிய ஒருவரைப் பேசி, பேரேரிக்காக ஆட அழைத்துப் போகும். பதிலுக்கு ஏரியிலிருந்து நெல் வரும்.

ஒரு வருடம் அது சூசையைக் கேட்டது.

அமலிக்குப் பயம் என்றால் சாதாரணப் பயம் இல்லை. இலை விழுந்தால்கூடக் குட்டிகள் இரண்டும் இருக்கின்றனவா என்று பார்க்கும்.

"அங்க தண்ணி ஆழம்டா," என்றது.

"நான் நீர்நாய்ம்மா," என்றது சூசை.

"முதலை இருக்குமாம்."

"இருந்தா நான் ஓடிடுவேன். நீதானே ஓடக் கத்துக்கொடுத்தே?"

அதற்குமேல் அமலி தடுக்கவில்லை. சூசை போனது. வந்த நெல்லில் அந்த மழைக்காலம் முழுக்க எல்லார் வீட்டுக் குஞ்சும் குட்டியும் சாப்பிட்டன. வேலை செய்பவர்களுக்கு வயிறு நிறைந்ததால் கரையின் கிழக்குப் பக்கமும் உயர்ந்தது. அமலி அந்தக் கரையைத் தாண்டும்போதெல்லாம் ஒரு நிமிடம் நின்று அதைத் தடவிவிட்டுப் போகும். என் பிள்ளை இங்கே இல்லை, ஆனால் இங்கேதான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும்.

அடுத்த வருடம் ஆடிப்பெருக்கு ஆட்டம் நெருங்கியது. எல்லா ஏரிகளும் குளங்களும் கூடி ஆடும் ஆட்டம் அது. அப்போது பேரேரியின் தலைவரான கடமான் ஒரு யோசனை சொன்னது.

"இனிமே ஏரிகள் மட்டும் ஆடுவோம். குளங்களை ஜெயிச்சு எங்களுக்கே அலுத்துப்போச்சு. அவங்க குட்டிகளை அனுப்பினா போதும். சின்னதுலயே அனுப்பிட்டா நாங்களே வளர்த்துக்குவோம்."

நடுவராக இருந்த நாரை யோசித்தது. "இந்த வருஷம் பள்ளக்குளம் உங்களை ஜெயிச்சா பழைய வழக்கமே இருக்கட்டும். ஜெயிக்கலைன்னா உங்க இஷ்டம்," என்றது.

மரநாய் நேராக அமலியிடம் வந்தது. "தங்கச்சி, மொட்டுக்குத் துணிமணி எடுத்து வை. ஆட்டம் முடிஞ்சதும் கூட்டிட்டுப் போயிடறேன்."

"அதுக்கு இன்னும் பால்பல்லே விழலைண்ணே."

"அங்க விழும். ஆட்டமே இல்லாத குளத்துல அது என்னத்தைக் கத்துக்கும்? பிறகு யார் கேட்பா? நெல் எப்படி வரும்? கரை எப்படி நிக்கும்?"

மரநாய் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அமலியைப் பயமுறுத்தியது.

பள்ளக்குளத்துக்குக் கோல் காத்தது சின்னப்பன் என்ற ஆமை. அது மெதுவாகத்தான் நகரும். ஆனால் இரண்டு நாணல் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டால் பாதி கோல் அடைத்துப்போகும். ஆட்டத்துக்கு முன்னால் அது, தன்னோடு ஆட இறங்கும் அமலியைத் தனியாகக் கூப்பிட்டது.

"உன் பிள்ளை பந்தோட முன்னால ஏறி வரும். அப்ப அது விட்டுட்டு வந்த இடத்துல யார் நிப்பா?"

"ஒருத்தரும் நிக்க மாட்டாங்கண்ணே. அவங்க அவங்கவங்க இடத்துல முளையடிச்ச மாதிரி நிப்பாங்க."

"அப்ப நீ போய் அங்க நில்லு."

"என் பிள்ளை விட்ட ஓட்டையிலயா?"

"உனக்குத்தானே அந்த ஓட்டை தெரியும்?"

"அதை அங்க திட்டுவாங்களே, அண்ணே."

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

ஆட்டம் தொடங்கியது. கரையோரம் மரநாய் உட்கார்ந்திருந்தது. அதன் பக்கத்தில் மொட்டு, மடியில் ஒரு சின்ன மூட்டையோடு.

பேரேரியின் காட்டுப்பன்றிகள் மோதினால் தவளைகள் நாலு பக்கமும் தெறித்தன. கடமான் ஒரு உதை உதைத்தால் சுரைக்காய் வானத்துக்குப் போய்த் திரும்பியது. ஆனாலும் பள்ளக்குளத்தில் "காலி", "நான்", "காலி", "நான்" என்ற சத்தம் ஓயவில்லை. விழுந்தவர் எழுவதற்குள் அந்த இடத்தில் வேறொருவர் நின்றார்.

"என்னடா இது, ஒண்ணைத் தள்ளினா இன்னொண்ணு முளைக்குது," என்று ஒரு பன்றி சலித்துக்கொண்டது.

அப்போது சூசை பந்தை வாங்கிக்கொண்டு முன்னால் ஏறியது. ஏறும்போது பழக்கத்தில் அதன் வாய் கத்தியது. "காலி!"

பேரேரியில் யாருக்கும் அது புரியவில்லை. யாரும் அசையவில்லை. சூசைக்குப் பின்னால் ஒரு பெரிய வெட்டவெளி திறந்து கிடந்தது.

அமலி அதைப் பார்த்தது. போகவில்லை. பிள்ளையைத் திட்டுவார்களே என்று நின்ற இடத்திலேயே நின்றது.

சூசை அடித்தது. கோல். பேரேரிக் கூட்டம் ஆர்ப்பரித்தது. சூசை மட்டும் துள்ளவில்லை. தலையைக் குனிந்துகொண்டு தன் இடத்துக்குத் திரும்பி நடந்தது.

"அமலிம்மா, என்ன ஆச்சு?" என்று கேட்டது தவளை.

"ஒண்ணுமில்ல, கால் சறுக்கிடுச்சு," என்றது அமலி. நின்ற இடத்தில் எப்படிச் சறுக்கும் என்று தவளை கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் முயல், இரண்டு பன்றிகளின் வயிற்றுக்குக் கீழே நுழைந்து ஒரு கோல் போட்டது. இப்போது சமம். சூரியன் பனைமரத்து மட்டையைத் தொட்டால் ஆட்டம் முடிந்துவிடும். சமமாக முடிந்தால் போதாது. அமலி கரையைப் பார்த்தது. மரநாய் எழுந்து உடம்பை உதறிக்கொண்டிருந்தது. மொட்டு மூட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தது.

மறுபடியும் பந்து சூசையிடம் வந்தது. மறுபடியும் அது முன்னால் பாய்ந்தது.

"காலி!"

"நான்!" என்றது அமலி.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அதற்கே தெரிந்தது. பிள்ளை ஒரு பக்கம் ஓடி வர, தாய் அதைக் கடந்து எதிர்ப்பக்கம் ஓடியது. அமலி விட்ட இடத்துக்குத் தவளை தாவியது. தவளையின் இடத்துக்கு நண்டு வந்தது. சூசை அடித்த பந்து சின்னப்பனின் ஓட்டில் மோதி, கலகலவென்று திரும்பி, நண்டின் காலடியில் விழுந்தது. நண்டு பக்கவாட்டில்தான் நடக்கும், பக்கவாட்டில்தான் உதைக்கும். அது உதைத்த உதை சுழன்று சுழன்று மைதானத்தைத் தாண்டி, சூசை காலி செய்த அந்த வெட்டவெளியில் நின்ற அமலியிடம் வந்து சேர்ந்தது.

அமலிக்கு முன்னால் யாரும் இல்லை. கடமான், "அது என் இடம் இல்லையே," என்று பன்றியைப் பார்த்தது. பன்றி, "என் இடமும் இல்லையே," என்று கடமானைப் பார்த்தது. அமலி மூக்கால் பந்தைத் தள்ளிக்கொண்டே போய் நாணலுக்குள் விட்டது.

நாரை சிறகை விரித்தது. சூரியன் மட்டையைத் தொட்டது. பள்ளக்குளம் ஜெயித்தது.

கடமான் சூசையைப் பிடித்து உலுக்கியது. "உன் இடத்தை விட்டுட்டு ஏன் ஏறினே?"

"சொல்லிட்டுத்தானே ஏறினேன்? காலின்னு கத்தினேனே."

"அப்படின்னா என்ன?"

சூசை அதன் பிடியிலிருந்து நழுவி அம்மாவிடம் வந்தது. அதன் மீசையெல்லாம் மண்.

"அம்மா, நான் காலின்னு கத்தினேன். ஒருத்தரும் வரல."

"நான் வந்தேனே," என்றது அமலி.

சூசை மீசையைத் துடைத்துக்கொண்டது. பிறகு அதற்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லவேளை நீ வந்தே. வேற யாராவது வந்திருந்தா எனக்குக் கோபம் வந்திருக்கும்."

"உன்னைத் திட்டுறாங்களேடா."

"திட்டட்டும்மா. எனக்கு அங்க நல்லாத்தான் இருக்கு. மீன் தர்றாங்க, அடிபட்டா மருந்து போடறாங்க. பின்னால ஆள் வராதது மட்டும்தான் குறை. அதை நான் சொல்லிக்கொடுத்துக்கறேன்."

கரையில் மொட்டு இன்னும் மூட்டையோடு நின்றிருந்தது. "மாமா, நான் வீட்டுக்குப் போகட்டுமா?" என்று மரநாயைக் கேட்டது.

மரநாய் பெருமூச்சு விட்டது. "போ. நல்லாச் சாப்பிடு. பல் விழுந்து முளைச்சதும் நான் வந்து பாக்கறேன்."

"வாங்கண்ணே," என்றது அமலி. அதை மனசாரவே சொன்னது. வளர்ந்த பிறகு போகிற பிள்ளையை வழியனுப்பத் தனக்குத் தைரியம் உண்டு என்று அதற்கு இப்போது தெரிந்திருந்தது.

அன்று மாலை அமலி தவளையிடம் போனது. "நீ என் இடத்துக்கு வந்ததாலதான் நான் போக முடிஞ்சுது. ரொம்ப நன்றி."

"என் இடத்துக்கு நண்டு வந்துச்சு. அதுக்குச் சொல்லு," என்றது தவளை.

நண்டிடம் போனது. "என் இடத்துக்கு முயல் வந்துச்சு. அதுக்குச் சொல்லு."

முயலிடம் போனது. முயல் காதைச் சொறிந்துகொண்டது. "என் இடத்துக்கா? யாரும் வரல. காலியாத்தான் கிடந்துச்சு. கடவுள் புண்ணியத்துல அவங்க யாரும் அதைப் பாக்கல."

"அப்ப அவருக்கும் சொல்லிடறேன்," என்றது அமலி. கிழக்குக் கரையில் உட்கார்ந்து, கண்ணை மூடி, மெதுவாகச் சொன்னது. சூசைக்காக வந்த நெல்லுக்கும், உயர்ந்த கரைக்கும், மடியில் தூங்கும் மொட்டுக்கும் சேர்த்துச் சொன்னது.

பள்ளக்குளம் அடுத்த ஆட்டத்திலேயே வேறொரு ஏரியிடம் தோற்றுப்போனது. அதையும் சொல்லிவிட வேண்டும். மறு வருடம் பேரேரியிடமும் தோற்றது. ஏனென்றால் அந்த வருடம் கடமான் "காலி!" என்றது, பன்றி "நான்!" என்று ஓடி வந்தது. சூசை சொன்னபடியே கற்றுக்கொடுத்திருந்தது.

"நம்ம வித்தையை நம்மகிட்டேயே காட்டுறாங்க," என்று சின்னப்பன் முனகியது.

"காட்டட்டுமே, அண்ணே," என்றது அமலி. "என் பிள்ளைக்குப் பின்னால இப்ப ஆள் நிக்குது."

அதன் பிறகு பள்ளக்குளம் சில வருடம் ஜெயித்தது, பல வருடம் தோற்றது. ஆனால் அவர்களை வரவேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஒவ்வொரு ஆடிப்பெருக்குக்கும் கனகாம்பரம் செருகிக்கொண்டு மேட்டில் ஏறிப் போனார்கள். மொட்டு முதல் தடவை ஆட இறங்கியபோது எதிர்ப்பக்கத்திலிருந்து சூசை அதற்குக் கை காட்டியது.

வளர்த்தவர்களை மடியிலேயே வைத்துக்கொள்ள முடியாத சின்ன இடமானாலும், போகிறவர்களை நன்றியோடு வழியனுப்பிவிட்டு அவர்கள் விட்ட இடத்தில் "நான்" என்று ஓடி வந்து நிற்பவர்கள் இருக்கும்வரை, அது எந்தப் பெரிய இடத்தின் முன்னாலும் சிறுத்துப்போவதில்லை.