வளையாத ஒயரும் மூணு கியரும்

கரட்டுப்பட்டிக்காரங்களுக்கு அறிவு கம்மின்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க. அறிவெல்லாம் மூட்ட மூட்டயா இருக்கு. எடுத்துச் செலவு பண்ணத்தான் அவங்களுக்கு மனசு வராது.

அந்த ஊர்லயே தனக்கு மட்டும்தான் மூளை இருக்குன்னு முடிவு பண்ணிட்டவ அரசி. காலேஜ்ல கடைசி வருஷம். யாரு என்ன சொன்னாலும் "எதுக்கு?"ம்பா. பதில் சொன்னா "அதெப்படி?"ம்பா. சும்மா இருந்தா "ஏன் சும்மா இருக்க?"ன்னு சண்டைக்கு வருவா.

அவளுக்கு ஒரே ஒரு பேப்பர் பாக்கி. கணக்கு. நாளைக்குப் பரீட்ச, அதுவும் கடைசி வாய்ப்பு. இதையும் விட்டா டிகிரி கெடையாது. காலேஜ் இருக்கறது மேட்டு உச்சியில, பத்து மணிக்கு கேட்ட சாத்திடுவாங்க. பஸ்காரங்க ஸ்டிரைக்கு.

வீட்ல இருந்தது மாமாவோட பழைய சைக்கிள். பின்சக்கரத்து நடுவுல இருக்கற ஹப்புக்குள்ளயே மூணு கியரையும் ஒளிச்சு வெச்சிருக்கற ரகம். ஹேண்டில்ல ஒரு லீவர், அதுலேர்ந்து ஒரு ஒயர் பின்னாடி ஹப்புக்குப் போகும். அந்த ஒயர் எப்பவோ அறுந்துபோச்சு. அறுந்தா வண்டி தன்னால மூணாவது கியர்ல போய் உக்காந்துக்கும். மூணாவது கியர்ல மேடு ஏறறதும் எருமைய முதுகுல தூக்கிட்டு ஏறறதும் ஒண்ணு.

அரசியோட அண்ணன் சொக்கநாதன் புது ஒயர் வாங்கிட்டு வந்து, பூனாவுல இருக்கற மாமாவுக்கு போன் போட்டான். அவன் கூட்டாளிங்க ஏகாம்பரமும் பிச்சாண்டியும் பக்கத்துல காத நீட்டிட்டு நின்னாங்க.

மாமா அவசரத்துல இருந்தாரு. "ரெண்டே விஷயம்டா. ஒயர் எங்கயும் மடங்கக்கூடாது. கியர் மாத்தறப்ப மிதிக்கக்கூடாது. வெச்சிடறேன்."

வெச்சிட்டாரு.

சைக்கிள் சட்டத்துல ஒரு சின்ன உருளை இருந்துச்சு. ஒயர் அது மேல ஏறித் திரும்பித்தான் ஹப்புக்குப் போகணும். ஏகாம்பரம் அத உத்துப் பாத்தான்.

"இது எதுக்குடா?"

"ஒயர வளைக்கறதுக்கு," ன்னான் பிச்சாண்டி.

"மாமா மடங்கக்கூடாதுங்கறாரு. இது வளைன்னு சொல்லுது. யார் பேச்சக் கேக்கறது?"

சொக்கநாதன் உருளைய ஒரு தட்டு தட்டிப் பாத்தான். "மாமா எனக்குப் பொண்ணு குடுப்பாரு. உருளை குடுக்குமா?"

உருளையக் கழட்டி வீசிட்டாங்க.

அப்புறம் ஹேண்டில்லேர்ந்து ஹப்புக்கு ஒரே நேரா ஒயர இழுத்துக் கட்டினாங்க. அரசி ஏறி உக்காந்து ஒரு மிதி மிதிச்சா. வலது முட்டி பட்டு ஒயர் நெளிஞ்சுது. மூணு பேரும் நெஞ்சுல கைய வெச்சுக்கிட்டாங்க.

உடனே பிச்சாண்டி ஓடிப் போய் ஒரு மூங்கில் கொண்டாந்தான். கணுவெல்லாம் ஓட்ட போட்டு, உள்ள ஒயர விட்டு, மூங்கிலோட ஒரு முனைய ஹேண்டில்லயும் மறு முனைய பின்சக்கரத்து அச்சுகிட்டயும் இறுக்கிக் கட்டினாங்க. ஒயர் இப்ப பட்டாளத்துக்காரன் மாதிரி வெறப்பா இருந்துச்சு.

"என் வலது கால எங்கடா வெக்கறது?" ன்னு கத்தினா அரசி.

"வெளிய நீட்டிக்க. ஒரு கால்ல மிதிச்சா பாதி பாரம்தான்," ன்னான் ஏகாம்பரம்.

"அதெப்படி பாதி? இடது கால் எனக்கு பலமான கால். பாதிக்கும் கம்மியாத்தான் இருக்கும்!"

மூணு பேரும் ஒத்துக்கிட்டாங்க. அவ கணக்குல ஏன் பெயிலானான்னு இன்னமும் யாருக்கும் புரியல.

அடுத்ததா ஹேண்டில் திரும்பலன்னு தெரிஞ்சுது. மூங்கில் புடிச்சுக்கிச்சு.

"திரும்பினா ஒயர் மடங்கும். திரும்பாததுதான் நல்லது," ன்னான் பிச்சாண்டி.

"அரசி, நீ எங்கயாவது திரும்பணுமா?" ன்னு கேட்டான் ஏகாம்பரம்.

"நான் எதுக்குத் திரும்பணும்? ரோடுதான் திரும்புது!"

"அப்ப தப்பு ரோட்டு மேல."

ரோடு திரும்பற எடம் ஒண்ணே ஒண்ணுதான். தனபாக்கியம் அக்கா வீடு. அந்த வீட்டச் சுத்திக்கிட்டு, கொல்லப்பக்கமாப் போய் மேடு ஏறும். மறுநாள் காலைல நாலு பேரும் சைக்கிளோட அக்கா வாசல்ல நின்னாங்க.

"அக்கா, முன்கதவையும் பின்கதவையும் தொறந்து வெக்கணும். அரசி பரீட்சைக்குப் போறா," ன்னான் சொக்கநாதன்.

மாவாட்டிட்டிருந்த அக்கா கைய உதறிட்டு வந்தாங்க. அவங்களும் கரட்டுப்பட்டிதானே? "போகட்டும், வேணாங்கல. ஆனா வீட்டுக்குள்ள வர்றப்ப செருப்பக் கழட்டணும்."

அரசி கழட்டினா.

"சைக்கிளு?"

எல்லாரும் டயரப் பாத்தாங்க. ஒரே சேறு. அக்காவே சொம்புல தண்ணி கொண்டாந்து ரெண்டு சக்கரத்துக்கும் கால் கழுவி விட்டு, "இப்ப வா கண்ணு," ன்னு வழி விட்டாங்க. சைக்கிள் ஹாலத் தாண்டி, அடுப்படியத் தாண்டி, கொல்லக்கதவு வழியா நேரா மேட்டுல ஏறிச்சு. பின்னாடியே மூணு பேரும் அவ செருப்பத் தூக்கிட்டு ஓடினாங்க.

கொஞ்ச தூரத்துல மேடு செங்குத்தாச்சு. அரசி ஒத்தக் கால்ல எந்திரிச்சு நின்னு மிதிச்சா. மூச்சு முட்டுச்சு.

"கியர மாத்து!" ன்னு கத்தினான் சொக்கநாதன். "மாத்தறப்ப மிதிக்காத!"

அரசி மிதிக்கறத நிறுத்திட்டு லீவர இழுத்தா. ஹப்புக்குள்ள 'டிக்'குனு சத்தம். முதல் கியர் விழுந்திடுச்சு! இனி பூ மாதிரி ஏறலாம்.

ஆனா திரும்ப எப்ப மிதிக்கணும்னு மாமா சொல்லவேயில்லியே. அரசி மிதிக்கல. சைக்கிள் நின்னுச்சு. அப்புறம் பின்பக்கமா உருள ஆரம்பிச்சுது. ஹேண்டில் அசையாததால, வந்த வழியே கோடு போட்ட மாதிரி எறங்கி, கொல்லக்கதவுல நுழைஞ்சு, அடுப்படியத் தாண்டி, ஹாலத் தாண்டி, வாசல்ல வந்து நின்னுச்சு.

"அதுக்குள்ள எழுதிட்டியா கண்ணு?" ன்னாங்க அக்கா.

மூணு பேரும் மூச்செறைக்க வந்து சேந்தாங்க. மணி ஒம்போதரை. அரசிக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "இந்தப் பரீட்ச போச்சுன்னா என்னோட மூணு வருஷமும் போச்சுடா, மடப்பசங்களா!"

சொக்கநாதனுக்கு மனசு கேக்கல. "மிதிச்சா தப்பு. மிதிக்கலன்னா கீழ வருது. அப்ப வழி ஒண்ணுதான். தூக்குங்கடா."

"நான் எறங்கி நடந்துக்கவா?" ன்னு கேட்டா அரசி.

"நீ எறங்கிட்டா லீவர யாரு புடிக்கறது?"

அரசி லீவர இன்னும் இறுக்கிப் புடிச்சுக்கிட்டா. எதிர்க்கேள்வி கேக்காம அவ ஒரு பேச்சக் கேட்டது வாழ்க்கைல அதுதான் மொத தடவ.

ஒருத்தன் முன்னாடி, ரெண்டு பேர் பின்னாடின்னு, அரசியோட சேத்து சைக்கிளத் தூக்கிட்டு மேடு ஏறினாங்க. அவ மேல உக்காந்துக்கிட்டு ஒரு கால நீட்டி வெச்சபடியே வழியெல்லாம் திட்டினா. கேட்டுக்கு வந்தப்ப மூணு பேருக்கும் நாக்கு தள்ளிருச்சு.

வாட்ச்மேன் மேலயும் கீழயும் பாத்தாரு. "என்ன வண்டிய்யா இது?"

"மூணு கியர் வண்டிங்க," ன்னான் ஏகாம்பரம்.

அவரு தூக்கிட்டு நின்ன மூணு பேரையும் எண்ணிப் பாத்தாரு. கணக்கு சரியா இருந்துச்சு. "சரி சரி, எறங்கி ஓடும்மா, மணி பத்தாயிடுச்சு!"

அரசி கைக்கடியாரத்தப் பாத்தா. "பத்தாயிடுச்சா? இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு."

"சரிம்மா, ரெண்டு நிமிஷம்தான். ஓடு!"

"அதென்ன சரிம்மா? மொதல்ல பத்துன்னு சொன்னீங்கல்ல? அது தப்புன்னு ஒத்துக்கோங்க."

"அம்மா தாயே, உள்ள போ!"

"ஒத்துக்காம எப்படிப் போறது? நாளைக்கு இன்னொருத்திகிட்டயும் இப்படித்தான சொல்லுவீங்க? நான் கெளம்ப மாட்டேன்!"

வாட்ச்மேன் கையெடுத்துக் கும்பிட்டாரு. "ஒத்துக்கறேம்மா. நீ சொன்னதுதான் சரி. நீ வந்தப்ப பத்தாக ரெண்டு நிமிஷம் இருந்துச்சு."

மணி அடிச்சுது. அரசி வெளியவே இருக்க, கேட்ட சாத்திட்டாரு.

மூணு பேரும் விசிலடிச்சாங்க. ஜெயிச்சவள நடக்க விடலாமா? அப்படியே சைக்கிளோட திரும்பத் தூக்கிட்டு எறங்கினாங்க. அரசியும் தலைய நிமித்தி, சாமி ஊர்வலம் மாதிரி உக்காந்து வந்தா.

கொல்லப்பக்கம் நின்ன தனபாக்கியம் அக்கா கேட்டாங்க, "என்னடா ஆச்சு பரீட்ச?"

"ஜெயிச்சாச்சுக்கா!" ன்னான் பிச்சாண்டி. "ஒரே கேள்விதான். மணி என்னன்னு. இவ சொன்னதுதான் சரின்னு கேட்டவரே கும்பிட்டு ஒத்துக்கிட்டாரு."

"இவ்ளோ சுலபமாவா கேள்வி வெப்பாங்க?"

"சுலபமா? நாங்க மூணு பேரும் பக்கத்துலதான் இருந்தோம். எங்க ஒருத்தனுக்கும் தெரியலியேக்கா!"