அல்லிக்குட்டைக்கு வந்த குப்பை

அல்லிக்குட்டையின் கோரைப்புல்லுக்குள் பூவாயி என்ற நீர்க்கோழி முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. அப்போது மேட்டுக்காட்டிலிருந்து நரி இறங்கி வந்தது. வரும்போதே அதன் முகத்தில் அத்தனை சிரிப்பு!

"குட்டைக்காரங்களே! எல்லாரும் வாங்க! நல்ல சேதி கொண்டு வந்திருக்கேன்!"

மேட்டுக்காட்டில் எங்கு பார்த்தாலும் குப்பை. பலாச்சக்கை, எலும்பு, அழுகின பழம்! மயில் தோகை விரிக்கக்கூட இடமில்லை. அதையெல்லாம் இனி மேட்டுக்காட்டுக்காரர்கள் அல்லிக்குட்டைக் கரையில் கொட்டப்போகிறார்கள். இதைத்தான் நரி வளைத்து வளைத்துச் சொன்னது.

"நாத்தம் அடிக்காதா?" என்று கேட்டது பூவாயி.

"நாத்தமா? துளிகூட இருக்காது! என் மூக்கு மேல சத்தியம்! அது மட்டுமா? குப்பை வந்தா ஈ வரும். ஈ வந்தா..." நரி சொரித்தவளையைப் பார்த்துக் கண்ணடித்தது.

சொரித்தவளைக்கு நாக்கில் எச்சில் ஊறியது. "உட்கார்ந்த இடத்திலேயே விருந்தா! கொட்டுங்க, கொட்டுங்க!"

தவளைக் கூட்டமே சேர்ந்து கத்தியது. அந்தக் கூச்சலில் பூவாயியின் குரல் எடுபடவில்லை.

மறுநாளே குப்பை வந்து இறங்கியது. ஈக்களும் வந்தன. தவளைகள் தின்று தின்று உருண்டை உருண்டையாகிவிட்டன. "பாத்தியா பூவாயி! நீதான் வீணா பயந்தே!" என்று ஏப்பம் விட்டது சொரித்தவளை.

பிறகு மழை பிடித்தது.

குப்பை மேட்டிலிருந்து கறுப்பாக ஒரு சாறு வடிந்து குட்டையில் இறங்கியது. அல்லிக்கொடிகள் அழுகின. மீன்கள் செத்து மிதந்தன. ஈக்களுக்கு மட்டும் பஞ்சமில்லை. ஆனால் தவளைகள் இட்ட முட்டையில் ஒன்றுகூடத் தலைப்பிரட்டையாகவில்லை. சொரித்தவளை ஒரு கல்லடியில் போய் ஒளிந்துகொண்டது.

அந்த நேரம் பார்த்துப் பூவாயியின் குஞ்சுகள் பொரிந்து வெளியே வந்தன. இருப்பதிலேயே சின்னக் குஞ்சு ஆசையாகத் தண்ணீரில் குதித்தது. இறகெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. மிதக்க முடியவில்லை. தலை உள்ளே போனது!

பூவாயி பதறிப்போய்ப் பாய்ந்தது. குஞ்சின் கழுத்தை அலகால் கவ்வி இழுத்துக் கரையில் போட்டது. குஞ்சு இருமி இருமி ஒருவழியாகக் கண்ணைத் திறந்தது.

"இனி இங்கே இருக்கக் கூடாது" என்று குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு பூவாயி மேட்டுக்காட்டு ஓடைக்கு ஏறியது.

"மயிலக்கா, ஓடையோரம் கொஞ்ச நாள் தங்கிக்கட்டுமா?"

மயில் சட்டென்று பின்வாங்கியது. "ஐயே! குப்பைக்குட்டைக்காரங்களா? கிட்ட வராதே! என்ன நாத்தம் உங்க மேல!"

"எங்க ஊர் பேரு அல்லிக்குட்டை!"

"அது அந்தக் காலம்! இப்ப எல்லாரும் குப்பைக்குட்டைன்னுதான் சொல்றாங்க!"

குஞ்சை இழக்கப் பார்த்தபோது வராத அழுகை இப்போது பூவாயிக்கு வந்தது. அழுகைக்குப் பின்னால் கோபமும் வந்தது. 'இவங்க போட்ட குப்பை! நாத்தம் எங்க மேலயா?' நேராக யானைத் தலைவரிடம் போனது. யானை எல்லாரையும் கூப்பிட்டது.

பூவாயி நடந்ததைச் சொல்லி முடிக்கும் முன்பே நரி குறுக்கிட்டது. "தலைவரே! காடு சுத்தமா இருக்கணும்னா யாராவது விட்டுக்கொடுத்துத்தானே ஆகணும்? அது எவ்வளவு பெரிய புண்ணியம்!"

"ஆமாமா, பெரிய புண்ணியம்தான்!" என்றது பூவாயி. "அதை நாங்க மட்டும் கட்டிக்கிட்டா நியாயமா? முறை வெச்சுக்குவோம். வர்ற அமாவாசையிலேர்ந்து நரி அண்ணன் குகை வாசல். அடுத்து மயிலக்கா பாறை. அப்புறம் ஒவ்வொருத்தர் வீடா வரட்டும்!"

"என் வாசலா? நாத்தம் தாங்காதே!" என்று நரி அலறியது.

யானை காதை ஆட்டியது. "துளிகூட நாத்தம் இருக்காதுன்னு மூக்கு மேல சத்தியம் பண்ணினியாமே?"

மயில் எழுந்து மெதுவாக நழுவப் பார்த்தது.

"எங்கேயும் போகாதே!" என்றது யானை. "முறை அமாவாசையிலேர்ந்து. அதுக்கு முன்னாடி, குட்டையில கொட்டினவங்க எல்லாரும் போய் அள்ளுங்க. நானும் வர்றேன். நான் போட்ட பலாச்சக்கையும் அங்கதான் கிடக்கு."

அன்று முதல் நரிக்கு ஓயாத வேலை! வீடு வீடாக ஓடியது. "பலாச்சக்கையைத் தூக்கிப் போடாதே, பன்றிக்குக் கொடு! எலும்பைக் கழுதைப்புலி கேட்குது! இலை தழையைக் கரையான் புத்துப் பக்கம் தள்ளு!" அமாவாசை வந்தபோது அதன் வாசலில் கொட்டுவதற்கு ஒரு கூடைக் குப்பைகூடத் தேறவில்லை.

குட்டையை அள்ளுவதுதான் பெரும்பாடாக இருந்தது. மயில் தோகையைச் சேற்றில் இழுத்துக்கொண்டு வேலை செய்தது. அள்ளியதெல்லாம் கரையான் புற்றுப் பக்கம் போனது. அள்ளி முடித்தும் தண்ணீர் உடனே தெளியவில்லை. பல மழை பெய்து, பழைய தண்ணீர் வழிந்தோடிய பிறகுதான், அதுவரை ஓடையோரம் தங்கியிருந்த பூவாயி தன் குஞ்சுகளை மறுபடி குட்டையில் இறக்கியது. சின்னக் குஞ்சு தயங்கித் தயங்கிக் காலை வைத்தது. பிறகு மிதந்தது!

தன் வாசலில் ஒரு நாள்கூட வைத்திருக்கச் சம்மதிக்காத குப்பையை அடுத்தவர் வாசலில் கொட்டிவிட்டு, நம் ஊர் சுத்தம் என்று பெருமைப்படுவது அநியாயம்.