மோட்டார் மேல் போட்ட துண்டு

கோயம்புத்தூர்ப் பக்கம் கனகசபாபதி என்றொரு மோட்டார் கம்பெனி முதலாளி இருந்தார். புதிதாக ஒரு லேப்டாப் வாங்கினார். விரல் கனம்கூட இல்லை, வேகமோ அசுர வேகம். கீறல் விழக் கூடாதென்று அடிப்பக்கம் முழுக்க வெல்வெட் துணி ஒட்டிவைத்தார். இரண்டே நாளில் அது தோசைக்கல்லாய்க் கொதித்தது, உள்ளே ஃபேன் ஊளையிட்டது.

கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பூங்கோதையைக் கூப்பிட்டார். அவள் சேர்ந்து மூன்று மாதம்தான்.

“பாரு அம்மணி, சத்தம் வரக் கூடாது, சூடாகக் கூடாது, வேகமும் குறையக் கூடாது. வெல்வெட்டுல கை வைக்கவே கூடாது. மூணு மணிக்குள்ள முடியலைன்னா வீட்டுக்குப் போயிரு!”

சுற்றி நின்ற மேனேஜர்கள் பலமாகத் தலையாட்டினார்கள்.

“ஆகட்டுங்க சார். அதுக்கு முன்னாடி, ஷெட்டுல நீங்க எழுதி மாட்டின போர்டை ஒருக்கா படிச்சுக் காட்டுங்க.”

தன் எழுத்து என்றதும் முதலாளிக்குக் குஷி. ஷெட்டுக்கே நடந்து போய், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தொழிலாளிகள் எல்லாருக்கும் கேட்கும்படி படித்தார்: “ஓடும் மோட்டார் மேல் துண்டு காயப் போடாதே. காற்று அடைபட்டால் மோட்டார் சூடாகும், இரையும். மீறுபவர் வீட்டுக்குப் போகலாம்.”

பூங்கோதை வெல்வெட்டில் கை படாமல் கொண்டுவந்த லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள்.

“இந்தத் துணிக்கு அடியிலதான் காத்துப் போற ஓட்டைங்க இருக்கு. உள்ள ரெண்டு குட்டி மோட்டார் ஓடுதுங்க சார். இப்ப வீட்டுக்குப் போறது நானுங்களா, நீங்களுங்களா?”

முதலாளி கட்டைவிரல் நகத்தால் வெல்வெட்டின் ஓரத்தைச் சுரண்ட ஆரம்பித்தார்.