மூன்று படிக்கு மேலே ஒரு சாய்தளம்

கோடையில் காட்டுக் குளம் வற்றிவிட்டது. முள்காட்டுக்கு அப்பால் ஒரு சுனை இருந்தது. தினமும் காலையில் ஒரே ஒரு முறை யானை எல்லோரையும் முதுகில் ஏற்றிக்கொண்டு அங்கே போய் வரும். யானைமேல் ஏறும் இடம் படிக்கற்கள் அடுக்கிய ஓர் உயரமான பாறை.

சாமந்தி என்ற நரிக்குப் பின்னங்கால்கள் முடங்கியவை. பாக்கு மட்டையில் உட்கார்ந்து, முன்னங்கால்களால் உந்திக்கொண்டு போகும். பாறையில் ஏற முடியாமல், பனித்துளியை நக்கிக் காலம் தள்ளியது.

“சாமந்திக்கு ஒரு சாய்தளம் கட்டுங்கள்!” என்று உத்தரவிட்டார் சிங்கராஜா.

வேலை வாலப்பன் என்ற குரங்குக்குக் கிடைத்தது. அதுவும் கட்டி முடித்தது. என்ன வழவழப்பு! இரண்டு பக்கமும் பூச்செடி வேறு! ஆனால் சாய்தளம் தொடங்கியதே மூன்று படிகளுக்கு மேலேதான்.

“இந்த மூன்று படியை நான் எப்படி ஏறுவேன்?” என்றது நரி.

“ராஜா சாய்தளம் கட்டச் சொன்னார், கட்டிவிட்டேன். படியை எடுக்கச் சொல்லவில்லையே!” என்று பல்லைக் காட்டியது குரங்கு.

நரிக்கு அழுகை வந்தது. அழுதால் இருக்கிற தண்ணீரும் போய்விடும் என்று அடக்கிக்கொண்டது.

மறுநாள் திறப்பு விழா. சுனைக்கரையில் வாலப்பனுக்குப் பலாப்பழ விருந்து. நரி நைசாக நகர்ந்து வந்தது.

“கட்டியவர்தானே முதலில் ஏற வேண்டும், வாலப்பண்ணே! என் மட்டையில் உட்காருங்கள். என்னைப் போலவே ஏறிக் காட்டுங்கள்!”

“ஆமாம், வாலப்பனே ஏறட்டும்!” என்றார் ராஜா.

குரங்குக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஜம்மென்று உட்கார்ந்தது. நரி அதன் பின்னங்கால்களையும் வாலையும் கொடியால் சேர்த்துக் கட்டி, கை எட்டாத இடத்தில் முடிச்சுப் போட்டது.

குரங்கு உந்தியது. முதல் படியில் டமால்! மூக்கில் அடி. மறுபடியும் உந்தியது. டமால்! அதற்குள் மற்றவர்கள் எல்லோரும் ஏறிவிட்டார்கள். யானை பிளிறியபடி கிளம்பியது.

“ஐயோ, என் பலாப்பழம்! கட்டை அவிழ்த்துவிடு, சாமந்தி!”

“ராஜா உங்களை ஏறச் சொன்னார், அண்ணே. கட்டை அவிழ்க்கச் சொல்லவில்லையே!”

யானை கண்ணுக்கு மறைந்த பிறகுதான் நரி கட்டை அவிழ்த்தது. வீங்கிய மூக்கோடு வாலப்பன் சாயங்காலத்துக்குள் படிகளைப் பெயர்த்து எறிந்து, சாய்தளத்தைத் தரைவரை நீட்டிவிட்டது.

மறுநாள் முதல் ஆளாக ஏறியது சாமந்திதான். சுனையில் வயிறு முட்டக் குடித்தது. திரும்பி வந்து, மூக்கு வீக்கத்தோடு அன்று சுனைக்கு வராமல் படுத்திருந்த வாலப்பனிடம் ஒரு பலாக்கொட்டையை நீட்டியது.

“விருந்தில் மிச்சம் இதுதான், அண்ணே!”

அடுத்தவருக்குப் பாதை போடுகிறவர், அவர் இடத்தில் உட்கார்ந்து முதலில் தாமே போய்ப் பார்க்க வேண்டும்.