அரண்மனைக் குளத்துப் பாசியும் ஆறு சட்டிகளும்

"நேத்து வழிச்ச படி இன்னைக்கு எப்படிடா பச்சையாகும்? வழிச்சியா, இல்ல தடவி வச்சியா?"

"தடவி வைக்க அது என்ன சந்தனமாங்க சாமி? விடியறப்ப இறங்கி வழிச்சேன். கையைப் பாருங்க, நகமெல்லாம் பச்சை."

"அதைத்தான் சொல்றேன். கையும் களவுமா நிக்கிறே."

அரண்மனைக் குளத்தின் கிழக்குப் படியில் இந்தச் சண்டை நடந்தபோது, மேலே கல்மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் ஒருவர் வெற்றிலை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பெயர் பூவநாதன், அந்த அரசவையின் விகடகவி. எந்த நாடு, எந்த ராசா என்று கேட்டால் எனக்கும் தெரியாது. ஒவ்வொரு குளத்துக்கும் தனியாக ஆள் வைத்துப் பார்த்துக்கொண்ட பழைய காலம், அவ்வளவுதான்.

அதட்டியவர் பிரதானி திருமேனிநாதர். ராசாவுக்கு அடுத்த நாற்காலி அவருடையது. பதில் சொன்னவன் குளக்காரன் மருதையன். அவனும் அவன் மனைவி அன்னக்கொடியும் தேங்காய் மட்டையும் மூங்கில் கழியுமாக அந்தக் குளத்தோடே கிடப்பவர்கள்.

சண்டைக்குக் காரணம் முந்தின நாள் நடந்தது. ராசா பக்கத்து நாட்டுத் தூதருக்குக் குளத்தைக் காட்டக் கூட்டி வந்தார். மூன்றாம் படியில் கால் வைத்தார். கண் மூடித் திறப்பதற்குள் ஏழாம் படியில் உட்கார்ந்திருந்தார். தூதர் மரியாதை தெரிந்தவர். தானும் இறங்கிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, இங்கிருந்து பார்த்தால் குளம் இன்னும் அழகு என்று சொல்லிவிட்டார்.

ராசாவுக்கு இடுப்பை விட மனசுதான் அதிகம் வலித்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் குளம் வெட்டியபோது தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்ததே, இப்போது எப்படிப் பச்சையானது என்று யோசித்தார். யாரோ வேண்டுமென்றே பாசியைக் கொண்டுவந்து வளர்க்கிறான் என்று முடிவு கட்டினார். மறுநாள் சபையில் ஆணை போட்டார். பதினைந்தே நாள். பாசியை வளர்த்தவனைப் பெயரோடும், அவன் வளர்த்த பாசியோடும் தன் முன்னால் கொண்டுவந்து வைக்க வேண்டும்.

தண்டனையைச் சொன்னது பிரதானி. குற்றவாளி தன் கையாலேயே எல்லாப் படியையும் வழித்துவிட்டுக் குடும்பத்தோடு எல்லை தாண்டிப் போய்விட வேண்டும் என்றார். ராசா அப்படியே முத்திரை வைத்தார். பிரதானி மருதையனைக் கைகாட்டினார். குளத்தில் நாள் முழுக்கக் கிடப்பவன் அவன் ஒருவன்தான், வேறு யார் வளர்த்திருக்க முடியும் என்று கேட்டார்.

அப்போதுதான் பூவநாதன் எழுந்தார். ஆணை 'பாசியோடு கொண்டுவந்து வை' என்றுதானே சொல்கிறது, வெறும் கைகாட்டினால் எப்படிப் போதும், அந்த வேலையைத் தன்னிடம் கொடுங்கள் என்று கேட்டார். பிரதானிக்கு உள்ளுக்குள் சந்தோஷம். முடியாவிட்டால் விகடகவியும் மருதையனோடு எல்லை தாண்டட்டும் என்றார். பூவநாதன் சரி என்று தலையாட்டிவிட்டு நேராகக் குளத்துக்குப் போனார்.

அவருக்குப் பாசியைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாததைக் கேட்க வெட்கப்படாதவர். படியில் உட்கார்ந்து அன்னக்கொடியிடம் கேட்டார். அன்னக்கொடி கோபத்தில் இருந்தாள்.

"என்னத்தைப் பாசி பாசின்னு ஒரே பேரா சொல்றீங்க. படியில ஒட்டிக்கிட்டு வழுக்குதே, அது ஒண்ணு. மட்டையை வச்சுத் தேய்ச்சா வந்துரும். தலைமுடி மாதிரி நீளமா மிதக்குதே, அது வேற. கழியில சுத்தி இழுத்தா வந்துரும். தண்ணியே பச்சைச் சாயமாக் கெடக்குதே, அதுதான் மூணாவது. அதைப் புடிக்கவும் முடியாது, அள்ளவும் முடியாது. அதுக்கு என்ன செய்யறதுன்னு எங்களுக்கே தெரியலை. இதுல நாங்க வளர்க்கிறோமாம்."

பூவநாதன் செருப்பைக் கழற்றிவிட்டு நான்கு கரையும் நடந்தார். ஒரு விஷயம் அவருக்கு விசித்திரமாகப் பட்டது. வடக்குப் பக்கம் மண்டபத்து நிழல் விழுகிற இடத்தில் படி கருப்பாகச் சுத்தமாக இருந்தது. வெயில் நன்றாக அடிக்கிற கிழக்குப் படியில், அதுவும் சபையார் தினமும் வந்து நிற்கிற அந்த இடத்தில்தான், பச்சை தடித்துக் கிடந்தது.

சபையார் தினமும் குளத்தில் என்ன செய்கிறார்கள் என்றால், அதற்கு 'வாழ்த்துப் பிடி' என்று பெயர். ராசாவின் பிறந்தநாளுக்குப் பிரதானிதான் ஆரம்பித்து வைத்தார். காலையில் ராசாவும் சபையாரும் வரிசையாக வந்து, மன்னர் வாழ்க என்று சொல்லி மீனுக்கு ஒரு பிடி பொரி போட வேண்டும். முதல் வருடம் பொரி. அடுத்த வருடம் தளபதி சோறு போட்டார். அவரை விடக் குறையக் கூடாது என்று புலவர் நெய்ச்சோறு போட்டார். பிரதானி பாலும் வெல்லமும் பிசைந்த சோற்றைக் கூடையில் எடுத்துவர ஆரம்பித்தார். மீன்கள் பாதிகூடத் தின்பதில்லை. மீதி அடியில் போய் அழுகும். ராசா மட்டும் இன்றைக்கும் பழைய மாதிரி ஒரு பிடி பொரிதான்.

அழுகுகிற அந்தச் சோறுதான் பாசியை வளர்க்கிறது என்று நேராகப் போய்ச் சபையில் சொன்னால் என்ன ஆகும் என்று பூவநாதனுக்குத் தெரியும். மன்னர் வாழ்க என்று போடுகிற சோற்றைக் குற்றம் சொல்கிறான் என்று அன்றைக்கே மூட்டை கட்டச் சொல்லிவிடுவார்கள். அதோடு, அவருக்கே அது சந்தேகம்தான். நிஜமா என்று பார்த்துவிட நினைத்தார்.

ஒரே அளவில் வாய் அகன்ற ஆறு மண்சட்டிகள் வாங்கினார். ஆறிலும் அதே குளத்துத் தண்ணீரை ஒரே அளவு ஊற்றினார். நாலு சட்டியின் மேல் சுண்ணாம்பால் ராசா, பிரதானி, தளபதி, புலவர் என்று எழுதினார். ஐந்தாவதில் மருதையன் பெயர், ஆறாவதில் தன் பெயர். தன் சட்டியை மட்டும் மண்டபத்து நிழலில் வைத்தார். மற்ற ஐந்தும் முற்றத்து வெயிலில்.

பிறகு ஒவ்வொருவரிடமும் போய், இது குளத்தின் சின்ன வடிவம், குளத்தில் போடுவதில் ஒரு சிட்டிகை எடுத்து தினமும் இதிலும் போடுங்கள், பதினைந்தாம் நாள் மன்னர் ஒவ்வொரு சட்டியாகப் பார்ப்பார் என்று சொன்னார். மருதையன் சட்டியில் ஒன்றும் போடக் கூடாது. தன் சட்டியில் பிரதானி போடுகிற அதே அளவு அதே சோறு.

பிரதானிக்குச் சந்தேகம் வந்தது. ஏதோ தந்திரம் செய்கிறான் என்று தன் காவலாட்கள் இரண்டு பேரைச் சட்டிகளுக்குக் காவல் வைத்தார். காக்கை கொத்தாமல் தன் செலவிலேயே வலை போர்த்தினார். ஆனாலும், மன்னர் பார்ப்பார் என்ற வார்த்தை அவரை நிம்மதியாக விடவில்லை. ஒரு சிட்டிகை இரண்டானது. அப்புறம் ஒரு கரண்டி ஆனது. பூவநாதனும் தன் சட்டியில் ஒரு கரண்டி போட்டுக்கொண்டார்.

இதற்கு நடுவே பிரதானி இன்னொரு காரியம் செய்தார். அந்த வாரம் வாய்க்காலில் செம்மண் கலங்கல் வந்து குளத்தில் சேர்ந்தது. அவர் வீட்டில் குடத்துத் தண்ணீர் கலங்கினால் தேத்தாங்கொட்டையை உரசிவிடுவார்கள், மண் அடியில் படிந்து தண்ணீர் தெளிந்துவிடும். அதே வைத்தியத்தைக் குளத்துக்குச் செய்தார். பத்து மூட்டை தேத்தாங்கொட்டையை இடித்துக் கொட்டச் சொன்னார். இரண்டே நாளில் செம்மண் படிந்தது. மூன்று படி ஆழம் வரைக்கும் தெரிந்தது. ராசா வந்து பார்த்து ரொம்ப மெச்சிக்கொண்டார். பிரதானி பூவநாதனைப் பார்த்துச் சிரித்தார்.

மருதையன் இடிந்து போய்விட்டான். எல்லாம் முடிந்தது, சாமான்களைக் கட்டிவிடலாம் என்று அன்னக்கொடியிடம் சொன்னான். அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இரு. கலங்கல் போர்வை மாதிரி மூடியிருந்துச்சு. இவரு அதை உருவிட்டாரு. இனிமே அடி வரைக்கும் வெயில் படும் பாரு."

அவள் சொன்னதுதான் நடந்தது. ஐந்தாறு நாளில் அதுவரை தெரியாமல் இருந்த கீழ்ப்படிகள் எல்லாம் பச்சையாகிவிட்டன. தலைமுடி மாதிரி இருக்கிற பாசி பாதிக் குளத்தை மூடியது. ராசா அந்தப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். பிரதானி, இதையும் மருதையன்தான் கோபத்தில் செய்தான் என்றார்.

பதினைந்தாம் நாள் வந்தது. சபை கூடியது. மருதையன் ஓரமாக நின்றான், அன்னக்கொடி மூட்டையோடு வாசலில் நின்றாள். பாசியை வளர்த்தவனைக் கொண்டுவந்தாயா என்று ராசா கேட்டார்.

"ஆணைப்படியே மகாராஜா. பெயரோடு, பாசியோடு."

ஆறு சட்டிகளையும் தூக்கி வந்து வரிசையாக வைத்தார்கள். வலையை எடுத்தார்கள். பிரதானி என்று எழுதியிருந்த சட்டி கீரைக் கடைசல் மாதிரி கெட்டிப் பச்சையாக இருந்தது. விளிம்பில் நூல் நூலாகத் தொங்கியது. புலவர் சட்டி அதற்கு அடுத்தது. தளபதி சட்டி கொஞ்சம் குறைச்சல். மருதையன் சட்டியில் தண்ணீர் லேசாகப் பழுப்பேறியிருந்தது, அடி தெரிந்தது. அவ்வளவுதான்.

பிரதானி எழுந்து, இது சூழ்ச்சி, இந்த ஆள் என் சட்டியில் பாசியைக் கொண்டுவந்து போட்டிருக்கிறான் என்றார்.

பூவநாதன் மெதுவாகக் கேட்டார். "சட்டிக்குக் காவல் இருந்தது யாருங்க பிரதானியாரே?"

காவலாட்கள் இரண்டு பேரும் தலையைச் சொறிந்தார்கள். பிரதானி கையைத் தவிர வேறு கை அந்தச் சட்டிக்கு வரவில்லை என்று ஒப்புக்கொண்டார்கள்.

ராசா ஆறாவது சட்டியைக் காட்டி, அதிலும் அதே சோறுதானே, அது ஏன் பச்சையாகவில்லை என்று கேட்டார். குனிந்தவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். அது அழுகி நாறியது, ஆனால் பச்சை இல்லை. அது நிழலில் இருந்தது மகாராஜா, பாசிக்குச் சோறும் வேண்டும், வெயிலும் வேண்டும் போலிருக்கிறது, ஒன்று குறைந்தாலும் அதற்குப் பிடிக்கவில்லை என்றார் பூவநாதன்.

பிறகு ராசா தன் பெயர் எழுதிய சட்டியின் முன்னால் வந்து நின்றார். அதுவும் பச்சைதான். இளம் பச்சை. ஆனாலும் பச்சை.

ராசா அதன் விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்தார். "பூவநாதரே, ஆணையில் முத்திரை யாருடையது?"

"தங்களுடையது மகாராஜா."

"பாசியை வளர்த்தவன் எல்லை தாண்ட வேண்டும் என்று இருக்கிறது. அப்படியானால் நான் எங்கே போவது?"

பூவநாதன் யோசித்தார். "பக்கத்து நாட்டு மன்னரிடம் கேட்டுப் பார்க்கலாம் மகாராஜா. தூதர் நல்லவர், கூட உட்காருவார். ஆனா ஒரு விண்ணப்பம். அங்கே போய் மீனுக்குப் பொரி போட்டுறாதீங்க, அடுத்த எல்லைக்கு இன்னும் தூரம் அதிகம்."

ராசா வாயைப் பொத்திப் பார்த்தார். முடியவில்லை. இடுப்பில் இருந்த பழைய வலி பிடித்துக்கொள்கிற அளவுக்குச் சிரித்தார். அவர் சிரித்த பிறகுதான் தளபதிக்கும் புலவருக்கும் மூச்சு வந்தது.

எல்லை தாண்டுகிற பாதியை ராசா அங்கேயே நீக்கினார். படி வழிக்கிற பாதியை மட்டும் நீக்கவில்லை. மறுநாள் காலை எல்லோரும் குளத்தில் இறங்கினார்கள். ராசா தன் பங்குக்கு இரண்டு படி வழித்தார். பிரதானிக்குக் கிழக்குக் கரை முழுவதும். மருதையன்தான் மேற்பார்வை. பிரதானி தடுமாறியபோது ஓடிப் போய்த் தோளைப் பிடித்துக்கொண்டவனும் அவன்தான்.

"குதிகாலை ஊணி நில்லுங்க சாமி. நுனிக்காலை வச்சா இழுத்துட்டுப் போயிரும்."

பிரதானி குதிகாலை ஊன்றினார்.

அன்றிலிருந்து குளத்தில் எது விழலாம், எது விழக் கூடாது என்பது மருதையன் சொல்கிறபடி என்று ஆணையானது. அவன் வாழ்த்துப் பிடியை மாதத்துக்கு ஒரு நாள் ஆக்கினான். வெயில் அடிக்கிற பக்கம் ஆம்பலும் தாமரையும் வைத்து இலை நிழல் கொடுத்தான். பூவநாதனுக்கு ராசா தன் பட்டுச் சால்வையைப் போர்த்தி, வேறு என்ன வேண்டும் என்று கேட்டார். வழித்த பாசியில் இரண்டு வண்டி வேண்டும், வீட்டுக் கொல்லையில் பூசணிக்கு உரம் என்றார் அவர். ராசா மறுபடியும் சிரித்துவிட்டு, சபையார் கையாலேயே வண்டியில் ஏற்றச் சொன்னார்.

கதை இவ்வளவுதான். ஆனால் குளம் முழுதாகத் தெளிய எத்தனை நாள் ஆனது என்று கதையில் எங்கேயும் இல்லை, அதுதான் எனக்குக் குறுகுறுப்பாக இருக்கிறது. உங்கள் ஊர்க் கோயில் குளத்திலோ, வீட்டு மீன் தொட்டியிலோ, மாடித் தொட்டியிலோ இரை போடுவதைக் குறைத்துப் பார்த்தவர்கள், நிழல் கட்டிப் பார்த்தவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். உங்களுடையது மூன்றில் எந்தப் பாசி, எத்தனை நாளில் தண்ணீர் தெளிந்தது, இல்லை தெளியவே இல்லையா? தெளியவில்லை என்றாலும் தயவுசெய்து எழுதுங்கள், அதுவும் தெரிய வேண்டும்.